ஜப்பானியச் சொற்பெட்டியில் விடுபடுபவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நாள்தோறும் ஒரு ஜப்பானியச் சொல்லைத் தரும் சிறு பெட்டியை நான் தவறாமல் படித்துவருகிறேன். சென்னையில் மாலை நேர வகுப்புகளில் ஜப்பானிய மொழி கற்பிப்பவள் என்ற முறையில், ஒரு தமிழ் நாளிதழ் அந்த மொழிக்கு அன்றாடம் இடம் ஒதுக்குவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. என் மாணவர்கள் பலர் அந்தப் பெட்டியைக் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள். அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு அவர்கள் அதை மனப்பாடம் செய்வதால், இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அண்மையில் அந்தப் பெட்டியில் வந்த சொல் ‘டைஜோப்பு’. அதற்கு எதிரே தரப்பட்டிருந்த பொருள் ‘சரி, பரவாயில்லை’. அதற்குமேல் எதுவும் இல்லை. ஜப்பானில் காலையில் வீட்டைவிட்டு வெளியே வந்தவர் இரவு திரும்புவதற்குள் பலமுறை கேட்டுவிடும் சொல் இது; தொடக்க நிலை மாணவர்களும் படிக்கத் தொடங்கியவுடனேயே எதிர்கொள்ளும் சொல். இத்தனை புழக்கமுள்ள சொல்லை இவ்வளவு சுருக்கிக் கொடுத்தால், ஒலிப்பு பிழையாகிறது, பொருள் பாதியாக நின்றுவிடுகிறது, எந்த இடத்தில் யாரிடம் சொல்லலாம் என்பதும் தெரியாமலே போகிறது. ஒலிப்பையும் பொருளையும் வழக்கையும் சேர்த்துத் தராதவரை ஒரு சொல்லைத் தந்ததாகவே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அதை இந்த ஒரு சொல்லைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒலிப்பு. இச்சொல்லின் முதல் ஒலி ‘டை’ அன்று. ஆங்கில எழுத்தின் வழியாக ஜப்பானியப் பெயர்களைப் பெற்றுக்கொண்டதால் டோக்கியோ, டொயோட்டா என்று டகரம் இட்டு எழுதும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. ஆனால் ஜப்பானியர் அந்த ஒலியை நாவின் முன்பகுதி மேற்பல்லின் பின்புறத்தில் படும்படி சொல்கிறார்கள். அது நம் தகர வரிசைக்கே நெருக்கமானது. ‘தைரியம்’ என்று பேசும்போது முதலில் எழும் ஒலியையும், ‘ஜோதி’ என்பதன் முதல் ஒலியையும், ‘அம்பு’ என்பதன் இறுதி ஒலியையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னால் ஏறத்தாழச் சரியான ஒலிப்பு கிடைத்துவிடும். தமிழில் ‘தைஜோபு’ என்று எழுதி, இந்த மூன்று எடுத்துக்காட்டுகளையும் பக்கத்தில் போட்டால் போதும். ஒரே வல்லெழுத்து இடத்துக்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும் எழுத்துமுறை நம்முடையது. ஆகையால் அயல்மொழி ஒலியை எழுத்தால் மட்டும் காட்டிவிட முடியாது, பழகிய தமிழ்ச் சொல் ஒன்றைச் சான்றாக வைக்கத்தான் வேண்டும். ஜப்பானியர் தங்கள் எழுத்தில், எழுத்தின் வலது மேல்முனையில் இரண்டு சிறு கோடுகளை இட்டு இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறார்கள்.

பெட்டியில் ‘ப்பு’ என்று ஒற்றெழுத்தை இரட்டித்ததை நான் சிறிய அச்சுப்பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஜப்பானியத்தில் ஒற்று இரட்டிப்பது பொருளையே மாற்றும். ‘ஒதொ’ என்றால் ஒலி, ‘ஒத்தொ’ என்றால் கணவன். இரட்டித்த ஒற்றைக் கேட்டவுடன் பிரித்தறியும் செவி தமிழ் பேசுவோருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது; ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவர் மாதக்கணக்கில் பயிற்சி செய்து பெறும் திறன் அது. தமிழ்ப் பெட்டி ஒன்று அந்த இடத்திலேயே பிழையாக வழிகாட்டுவது வருத்தத்துக்குரியது.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் சொல்லின் நீளத்தை, நம் மாத்திரையைப் பெரிதும் ஒத்த ஓர் அலகால் எண்ணுகிறார்கள். ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கு அந்த அலகைக் கொண்டதுதான். அந்தக் கணக்கில் தைஜோபு ஐந்து அலகு: த, இ, ஜொ, ஒ, பு. தமிழர்கள் தடுமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது. நம் இலக்கணப்படி சொல்லில் வரும் ஐகாரம் தன் அளவில் குறுகும்; வல்லெழுத்தின்மேல் ஏறிச் சொல்லின் ஈற்றில் நிற்கும் உகரம் அரை மாத்திரையாகக் குறுகும். பள்ளியில் ஐகாரக்குறுக்கம், குற்றியலுகரம் என்று படித்து மறந்துபோனாலும் நம் நாக்கு அவற்றை மறப்பதில்லை. ஜப்பானியச் சொல்லின்மேலும் அந்த இரண்டு குறுக்கங்களையும் நம்மை அறியாமலே ஏற்றிவிடுகிறோம். இறுதி ‘பு’வை முழு ஒரு மாத்திரை அளவுக்கு ஒலித்து, முதல் ‘தை’யை இரண்டாகப் பிரித்து நிறுத்திச் சொல்லும்படி கேட்டுக்கொண்டால், மாணவரின் உச்சரிப்பு அந்த வகுப்பிலேயே மாறிவிடுவதைப் பார்க்கிறேன். தோக்கியோ வழக்கில் இச்சொல்லின் குரல் இரண்டாம் அலகில் உயர்ந்து, மூன்றாம் அலகான ‘ஜொ’வரை உயர்ந்தே நின்று, அதன்பின் தாழ்கிறது. செய்திப் பக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தங்கள் நாளிதழ் ‘ஒசாகா’ என்று எழுதும் நகரின் பெயரில் நெடில் முதலெழுத்து மட்டுமே, ‘ஓஸக’ என்பதே அந்த ஊராரின் ஒலிப்பு. குறில் நெடில் வேறுபாடு பிறவியிலேயே பழகிய நமக்கு இதை முறையாக எழுதுவது கடினமன்று. அத்தை வயதுப் பெண்ணை ‘ஒபஸன்’ என்பதும், பாட்டி வயதுப் பெண்ணை ‘ஒபாஸன்’ என்பதும் நெடில் ஒன்றால் மட்டுமே வேறுபடுகின்றன.

தைஜோபு எழுதப்படும் முறைக்கு வருகிறேன். வழக்கமாக மூன்று சீன எழுத்துகளால் இது எழுதப்படுகிறது. முதல் எழுத்து பெரியது என்னும் பொருளுடையது. கைகளை விரித்துக் கால்களை அகட்டி நிற்கும் மனிதனின் வடிவத்திலிருந்து வந்தது. இரண்டாவது எழுத்து ‘ஜோ’ என்னும் நீட்டலளவை. மூன்றாவது வளர்ந்த ஆண்மகனைக் குறிப்பது. விரித்த கைகளுடன் நிற்கும் அதே மனிதனின் தலைக்குக் குறுக்கே ஒரு கோடு சேர்ந்திருக்கும், அது வயதுவந்த ஆண் கொண்டையில் செருகிய ஊசி என்று பழைய எழுத்து விளக்கங்கள் கூறுகின்றன. முதலிரண்டுக்கும் மும்மூன்று கோடுகள், மூன்றாவதற்கு நான்கு. ஜப்பானில் முதல் எழுத்தைக் குழந்தைகள் முதல் வகுப்பிலும் மூன்றாவதை நான்காம் வகுப்பிலும் கற்கிறார்கள். நடுவெழுத்து தொடக்கப் பள்ளி முடிந்த பிறகே பாடத்தில் வருகிறது. இம்மூன்றும் 2010-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட 2,136 பொது வழக்கு எழுத்துகளின் பட்டியலில் அடங்கியவை. புதிதாகக் கற்பவர் கோடுகளின் முனைகளைக் கவனிக்க வேண்டும். முதலெழுத்தின் வலது தோளில் ஒரு புள்ளி விழுந்தால் நாய். மூன்றாம் எழுத்தின் நடுக்கோடு மேலே நீட்டிக்கொண்டு வராமல் நின்றுவிட்டால் வானம்.

ஆனால் எழுத்துகளின் பொருளைக் கூட்டிச் சொல்லின் பொருளைப் பெற்றுவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெரிய, நீட்டலளவை, ஆண்மகன் என்று கூட்டினால் எதுவும் தேறாது. ஒலிப்பையும் எழுத்தைக் கொண்டு ஊகித்துவிட முடியாது. சீனத்திலிருந்து வந்த ஒலி, ஜப்பானியத்துக்கே உரிய ஒலி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவாக இரண்டு வகை ஒலிப்புகள் உண்டு. பெரியது என்னும் அந்த முதலெழுத்து, பல்கலைக்கழகம் என்ற சொல்லில் ‘தை’ என்று தைரியத்தின் ஒலியோடும், முக்கியம் என்ற சொல்லில் தை மாதத்தின் ஒலியோடும், ஓஸக நகரின் பெயரில் ‘ஓ’ என்றும் ஒலிக்கும். வயதுவந்தவர் என்ற சொல்லிலோ, பக்கத்தில் உள்ள எழுத்தோடு சேர்ந்து ‘ஒதொன’ என்று இரண்டு எழுத்துக்கும் பொதுவான வேறோர் ஒலிப்பைப் பெற்றுவிடும். மூன்றாவது எழுத்து தனித்து நின்றால் முன்னே சொன்ன ‘ஒத்தொ’, கணவன். தம்பதியர் என்ற சொல்லில் ‘ஃபூ’. நம் சொல்லில் ‘பு’. எனவே எழுத்தின் ஒலிப்புப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, சொல்லோடு சேர்த்து அந்த ஒலிப்பை அறிவதே பயன் தரும். ஜப்பானியச் சிறுவர் நூல்களில் சீன எழுத்தின் மேல் சிறிதாக அச்சிடப்படும் ஃபுரிகன என்னும் ஒலிப்புக் குறிப்பு இதற்காகவே இருக்கிறது. என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்தின் எளிய ஜப்பானியச் செய்திகளிலும் அதைக் காணலாம்.

இச்சொல்லின் வரலாறு தமிழ் வாசகர்களுக்கு மிகுந்த சுவையளிக்கும். ஜோ என்பது, நம் அடிக்கு நெருங்கிய ஷகு என்னும் அளவு பத்து கொண்ட நீட்டலளவை. இன்றைய ஜப்பானியக் கணக்கில் ஏறத்தாழ மூன்று மீட்டர். பண்டைச் சீனத்தில் இந்த அளவு இதைவிடச் சிறியதாக இருந்தது. அது நன்கு வளர்ந்த ஆணின் உயரத்தைக் குறித்தது என்று அகராதிகள் விளக்குகின்றன. அப்படி ஒரு ஜோ உயரம் வளர்ந்த ஆண்மகனே ‘ஜோஃபு’. அவனுக்கு முன்னே ‘பெரிய’ என்ற அடைமொழி சேர்ந்தால் மாமனிதன். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் என்னும் சீன மெய்யியலாளர், செல்வமும் பதவியும் கெடுக்க முடியாதவனை, வறுமையும் தாழ்நிலையும் அசைக்க முடியாதவனை, அதிகாரமும் படைவலியும் பணியவைக்க முடியாதவனை இச்சொல்லால் குறிக்கிறார். பின்னர் பௌத்த நூல்களைச் சமஸ்கிருதத்திலிருந்து சீனத்தில் பெயர்த்தவர்கள், புத்தரைக் குறிக்கும் ‘மகாபுருஷ’ என்னும் சொல்லுக்கும் இதே மூன்றெழுத்துச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். நம் பேச்சிலும் வழங்கும் மகாபுருஷன்தான் அது. சீன எழுத்தோடும் பௌத்தத்தோடும் ஜப்பானுக்குச் சென்ற அச்சொல், மாமனிதன் என்பதிலிருந்து உறுதியானது, அசையாதது என்றாகி, அதிலிருந்து ஆபத்தில்லாதது, கவலைப்பட வேண்டாதது என்று நகர்ந்தது. மாமனிதன் என்ற பழம்பொருளில் வழங்கும்போது இறுதியை ‘ஃபு’ என்றே ஒலிக்க வேண்டும் என்று ஜப்பானிய அகராதிகள் இன்றும் தனிப் பதிவு தருகின்றன. அன்றாட வழக்கில் ஆண், பெண் என்ற வேறுபாடு துளியும் இல்லை. தடுக்கி விழுந்த சிறுமியைத் தாய் தேற்றுவதும் ‘தைஜோபு, தைஜோபு’ என்றுதான்.

இவ்வளவையும் சிறு பெட்டியில் அடக்க முடியாது என்பதை அறிவேன். எனினும் ஓரிரு வரி வரலாறு கற்பவரின் நினைவில் எத்தனை ஆழமாகப் பதிகிறது என்பதை வகுப்பில் கண்டிருப்பதால் சொல்கிறேன். முதலெழுத்தை நீக்கிவிட்ட ‘ஜோபு’ என்னும் சொல்லும் தனியே வழங்குகிறது. நெடுநாள் உழைக்கும் பை, நோய்நொடி இல்லாத உடம்பு என்று உறுதியைச் சொல்ல அதைப் பயன்படுத்துவார்கள். அந்தச் சொல்லின் முன்னே ‘தை’ சேர்ந்திருப்பதால் தைஜோபு என்பது ‘மிக உறுதியான’ என்று பொருள்படும் என நினைத்துக் கட்டுரையில் எழுதும் மாணவர்கள் உண்டு. வரலாறு தெரிந்தால் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்து வெவ்வேறு பக்கம் போனவை என்பது விளங்கும்.

பொருளை எடுத்துக்கொண்டால், பெட்டியில் தந்த ‘பரவாயில்லை’ என்பது பாதி உண்மை. அருங்காட்சியகத்தில் புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்க வேண்டுமென்றால், ‘ஷஷின் ஒ தொத்தெ மொ தைஜோபு தெஸ் க’ என்று கேட்கலாம். ‘ஷஷின் ஒ’ என்பது புகைப்படத்தை. ‘தொத்தெ மொ’ என்பது எடுத்தாலும். ‘தைஜோபு தெஸ் க’ என்பது பரவாயில்லையா. சொல்லுக்குச் சொல் அதே வரிசையில், இரண்டாம் வேற்றுமை உருபும் ‘ஆலும்’ என்ற எச்ச ஈறும் இறுதியில் நிற்கும் வினா எழுத்தும்கூட அதனதன் இடத்தில் அமைந்து, வாக்கியம் அப்படியே தமிழாகிவிடுகிறது. இதே வாக்கியத்தை ஆங்கிலத்தின் வழியாகக் கற்றால் முழுவதையும் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். தங்கள் பெட்டியில் தரப்பட்ட பொருள், ஜப்பானிய–ஆங்கில அகராதி ஒன்றில் இருந்ததைத் தமிழாக்கியது போலத் தோன்றுகிறது; ‘சரி’ என்ற சொல் அங்கே நுழைந்திருப்பதற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஜப்பானியத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தால் நமக்குக் கிடைக்கும் இந்த வசதியை நாமே கைவிடுவது நியாயமன்று.

ஆனால் பரவாயில்லை என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ‘படம் எப்படி இருந்தது?’ என்றால் ‘பரவாயில்லை’ என்கிறோம். சுமார் என்ற அந்தப் பொருள் தைஜோபுவுக்குக் கிடையாது. மிதிவண்டியிலிருந்து விழுந்தவரிடம் ‘தைஜோபு தெஸ் க?’ என்று கேட்பவர், அடிபட்டுவிட்டதா, எழுந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார். அதற்கு ‘தைஜோபு தெஸ்’ என்ற விடை நம் ‘ஒன்றும் ஆகவில்லை’. ரயிலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பதறும் தோழியிடம் சொன்னால் ‘கவலைப்படாதே’. நாளை மூன்று மணிக்குச் சந்திக்கலாமா என்ற கேள்விக்கு விடையானால் ‘எனக்கு வசதிப்படும்’. விருந்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்று கேட்பவரிடம் கையை மெல்ல அசைத்தபடி சொன்னால், அது நம் வீடுகளில் சொல்லும் ‘இருக்கட்டும், போதும்’. மறுப்பைச் சொல்லும் இந்தக் கடைசி வழக்கு அண்மைக் காலத்தில் இளையோரிடையே பெருகியது. வேண்டுமா வேண்டாமா என்பது விளங்கவில்லை என்று குறைப்படும் முதியவர்கள் ஜப்பானிலேயே இருக்கிறார்கள்.

இந்த மறுப்பு வழக்கு தெரியாததால் வரும் குழப்பத்தைத்தான் புதிதாக அங்கே போகிறவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கிறார்கள். ஜப்பானில் 2020 ஜூலை 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் வாங்குவது கட்டாயமானது. அதிலிருந்து, பணம் செலுத்தும் இடத்தில் பை வேண்டுமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ‘ஃபுகுரொ வ தைஜோபு தெஸ் க?’ என்று கடைக்காரர் கேட்டால், பை இல்லாமல் சமாளித்துக்கொள்வீர்களா என்று பொருள். ‘சரி’ என்று மட்டும் படித்தவர், பை வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பதாக நினைத்துக்கொண்டு ‘தைஜோபு தெஸ்’ என்பார், பை வராது. கடையில் இது சிறிய சங்கடம்தான். பணியிடத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ‘வெள்ளிக்கிழமைக்குள் தைஜோபு?’ என்று மேலாளர் கேட்கும்போது ‘தைஜோபு தெஸ்’ என்று சொல்பவர், அந்த வேலையை அன்றைக்குள் முடித்துத் தருவதாக உறுதி அளிக்கிறார். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்ற அளவில் தலையசைப்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடியாமல் நின்றால், போவது நம்பிக்கை. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஜப்பானிய நிறுவனங்களில் சேரவிருக்கும் நம் இளைஞர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடமோ மூத்த அதிகாரியிடமோ மறுப்பைத் தெரிவிக்கும்போது தைஜோபு சற்று இலகுவாகத் தொனிக்கும் என்பதும், ‘கெக்கோ தெஸ்’ போன்ற வேறு சொற்கள் அங்கே இருக்கின்றன என்பதும், அவையும் குரலைப் பொறுத்துக் கடுமையாகிவிடக்கூடும் என்பதும் அடுத்த கட்டத்தில் கற்க வேண்டியவை.

இன்னோர் இடத்தை நான் மிகவும் கவலையோடு நினைக்கிறேன். 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு, குறிப்பிட்ட திறன்களுடைய வெளிநாட்டுப் பணியாளர்களுக்கென ஒரு புதிய விசா முறையைத் தொடங்கியது; 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த முறையில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. என்னிடம் படிக்கும் பெண்களில் சிலர் அந்த வேலைக்குப் போக ஆயத்தமாகிறார்கள். பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற எண்ணத்தில் ஊறிய ஜப்பானிய முதியவர் ஒருவரிடம் ‘தைஜோபு தெஸ் க?’ என்று கேட்டால், இடுப்பு வலி தாங்க முடியாத நிலையிலும் அவர் ‘தைஜோபு, தைஜோபு’ என்றே விடை சொல்லக்கூடும். கேள்வியே அந்த விடையை வரவழைக்கிறது. ‘நலம்’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும் பணியாளர் தன் வேலையைச் செய்தவர் ஆகமாட்டார். எங்கே வலிக்கிறது, இரவு தூக்கம் வந்ததா, காலைச் சாப்பாட்டில் எவ்வளவு இறங்கியது என்று விடை சொல்லியே தீர வேண்டிய கேள்விகளைக் கேட்க வேண்டும். முகத்தையும் கையின் அசைவையும் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான், ‘எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே வலியை மறைப்பார்கள். ஆகவே தமிழ்ப் பெண்களுக்கு இது எளிதில் புரியும்; சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்குச் சொற்பட்டியல் போதும் என்ற வாதமும் எழலாம். 1984-இல் தொடங்கிய அத்தேர்வு 2010-இல் மாற்றியமைக்கப்பட்டு, நான்கு நிலைகள் ஐந்தாயின. அந்த மாற்றத்துக்குப் பிறகு, எந்த நிலைக்கு எந்தெந்தச் சொற்கள் என்ற பட்டியலைத் தேர்வு நடத்துபவர்கள் வெளியிடுவதில்லை. சொற்களையும் எழுத்துகளையும் மனப்பாடம் செய்வது மொழி கற்பதன் முடிவான நோக்கமன்று, அவற்றைக் கருவியாகக் கொண்டு செயல்பட முடிவதே நோக்கம் என்பதை அவர்கள் அதற்குக் காரணமாகக் கூறுகிறார்கள். கடைகளில் விற்கும் ‘தொடக்க நிலைச் சொற்கள்’ என்ற தொகுப்புகள் அனைத்தும் தனியார் தம் கணிப்பில் தொகுத்தவை. அத்தேர்வில் பேச்சுத் தேர்வும் இல்லை. எனவே பட்டியலை ஒப்பித்துத் தேறியவர்கூட, கடைக்காரரின் ஒற்றைக் கேள்விக்கு முன்னால் திகைத்து நிற்க நேரிடும். தேர்வின் சொற்பகுதியிலேயே, ஒரு சொல் வாக்கியத்தில் முறையாகப் பயன்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் வினாக்கள் மேல்நிலைகளில் கேட்கப்படுகின்றன. ஆக, தேர்வை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் வழக்கைக் கற்காமல் தப்ப முடியாது.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். நாள்தோறும் ஒரு சொல் என்பதை வாரத்துக்கு ஒரு சொல் என்று மாற்றுங்கள். ஆறு நாள் பெட்டிகளின் இடத்தை ஒரே நாளில் அச்சொல்லுக்குக் கொடுங்கள். ஜப்பானிய எழுத்தில் ஃபுரிகனவுடன் சொல்லை அச்சிட்டு, அதன் ஒலிப்பைக் குறில் நெடில் பிசகாமல் தமிழில் எழுதி, மயக்கம் தரும் வல்லெழுத்துக்குத் தமிழ்ச் சொல்லைச் சான்று காட்டுங்கள். தைஜோபு போன்ற சொல், பெயருக்கு முன்னே வரும்போது ‘ந’ என்னும் இடைச்சொல்லை ஏற்கும் வகையைச் சேர்ந்தது என்பதைப் போன்ற இலக்கணக் குறிப்பு ஒரே வரியில் அடங்கிவிடும். மீதி இடம் முழுவதையும் வாக்கியங்களுக்குத் தாருங்கள்: யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்கிறார் என்ற குறிப்போடு மூன்று வாக்கியங்கள், அவற்றுக்கு நேராக ஜப்பானியத்திலிருந்தே செய்த தமிழாக்கம். ஆங்கில அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதும் வழக்கத்தை இந்தப் பெட்டியிலாவது நிறுத்திவிடலாம்.

அடுத்து எடுத்துக்கொள்ளத் தகுந்த சொல் என்று என்னைக் கேட்டால் ‘சுமிமஸென்’ என்பேன். மன்னிப்புக் கேட்கவும், உணவகத்தில் பணியாளரை அழைக்கவும், தமக்காகச் சிரமப்பட்டவருக்கு நன்றி சொல்லவும் ஜப்பானியர் அந்த ஒரு சொல்லையே பயன்படுத்துகிறார்கள். ‘மன்னிக்கவும்’ என்று மட்டும் பொருள் தந்தால் தைஜோபுவுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். ‘சொத்து’ என்று என் மாணவர்கள் தவறாக எழுதிவரும், ‘கொஞ்சம்’ என்று பொருள்படும் ‘சொத்தொ’வின் சரியான முதலொலி நம் ‘அச்சு’ என்பதில் வரும் சகரத்தின் ஒலி என்பதையும், அழைப்பை மறுக்க விரும்பும் ஜப்பானியர் அந்தக் ‘கொஞ்சம்’ என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார் என்பதையும் அதற்கடுத்த வாரம் எழுதலாம். தங்கள் ஆசிரியர் குழு விரும்பினால், அச்சுக்குப் போகுமுன் ஒலிப்பையும் வாக்கியங்களையும் ஊதியம் எதுவுமின்றிச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ‘டைஜோப்பு’ என்று வந்ததற்கு ஒரு திருத்தக் குறிப்பை மட்டும் இந்த வாரமே வெளியிட வேண்டுகிறேன். குறிப்பேடுகளில் அது ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டது.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழி கற்பிக்கும் வாசகி,
தாம்பரம், சென்னை.